ரத்தினக்கல் தரம் பிரிக்கும் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பாவின் நகைப்பட்டறையில் கல் பதிக்கும் நான், கல்லை அடையாளம் காணவும் தரம் பிரிக்கவும் முறையாகக் கற்க விரும்பி, தங்கசாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடந்த மூன்று மாதப் பயிற்சியில் 28,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பழகுவதற்கென்று பன்னிரண்டு கற்கள் கொண்ட ஒரு பெட்டியையும் 9,500 ரூபாய்க்கு வாங்க வைத்தார்கள். அங்கே எனக்கு நேர்ந்ததை, அதே ஆசையோடு போகும் மற்ற பட்டறைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஒளிவிலகலை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று அலமாரியில் இருந்தது. கல்லுக்கும் கருவிக்கும் இடையில் விட வேண்டிய திரவம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, மூன்று மாதமும் அதை எங்கள் கையில் கொடுக்கவில்லை. மாணிக்கத்தை வைத்தால் 1.762, 1.770 என்று இரண்டு அளவுகளும், பார்வைக்கு மாணிக்கம் போலவே இருக்கும் வேறு கல்லான சிவப்பு ஸ்பினலை வைத்தால் 1.718 அருகில் ஒரே அளவும் தெரியும் என்பதைத் திரையில் படமாகப் பார்த்ததோடு சரி. நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார் ஆசிரியர். பிரிட்டிஷ் மகுடத்தில் கறுப்பு இளவரசரின் மாணிக்கம் என்று பெயர் பெற்ற கல்லே ஸ்பினல்தான் என்பதைப் பிறகு படித்தபோதுதான் அந்தப் பேச்சின் ஆபத்து புரிந்தது. வைரத்தின் நிறத்துக்கு டி முதல் இசட் வரை உலகம் ஒப்புக்கொண்ட வரிசை உண்டு. வண்ணக் கற்களுக்கு அப்படிப் பொதுவான வரிசை கிடையாது. ஆனால் வியாபாரிகள் தங்கள் வசதிக்குப் போடும் ஏஏஏ என்ற முத்திரையைத்தான் சர்வதேசத் தரம் என்று எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

சான்றிதழ் வாங்கிய அடுத்த மாதம், காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா, "தம்பி, மகன் வாங்கிக் கொடுத்தது, விரலுக்கு இறுக்கமா இருக்கு" என்று ஒரு மாணிக்க மோதிரத்தைக் கொண்டுவந்தார். லென்ஸில் பார்த்துவிட்டு, இயற்கைக் கல், சூடு தாங்கும் என்று அப்பாவிடம் நானே உறுதி சொன்னேன். மோதிரத்தைப் பெரிதாக்க, கல்லைக் கழற்றாமல் தீயில் பற்றவைத்து, திராவகத்தில் போட்டு எடுத்தபோது, கல்லின் முகத்தில் சிலந்தி வலை போல வெள்ளை வெடிப்புகள் ஓடியிருந்தன. ஓரத்தில் ஏதோ உருகி வழிந்து உறைந்திருந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேறு கல் வாங்கிப் பதித்துக் கொடுத்தோம்.

சௌகார்பேட்டையில் அப்பாவுக்குப் பழக்கமான கல் வியாபாரி ஒருவர், கெட்டுப்போன கல்லை விளக்கடியில் மெல்லத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒரு கோணத்தில் நீல மினுக்கு ஓடியது. வெடிப்புகளுக்குள் தட்டையான காற்றுக் குமிழிகள் நின்றன. ஈயக் கண்ணாடியை உருக்கி விரிசல்களை நிரப்பிய மாணிக்கம் அது. பட்டறைத் தீயும் திராவகமும் அந்தக் கண்ணாடியைத்தான் தின்றிருக்கின்றன. சுமார் இருபது ஆண்டுகளாகச் சந்தையில் மலிந்து கிடக்கும் இந்தக் கல்லைப் பற்றி மூன்று மாதத்தில் ஒரு வார்த்தைகூட எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

பிறகு என் பெட்டியைத் திறந்தார். இயற்கை மாணிக்கம் என்று சீட்டு ஒட்டிய கல்லுக்குள், இசைத்தட்டில் இருப்பதுபோல வளைந்த கோடுகள் தெரிந்தன. வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902-இல் அறிவித்த சுடர்முறையில் செய்யப்படும் செயற்கை மாணிக்கத்தின் அடையாளம் அது. வேதிப்பொருள் ஒன்றே என்பதால் ரிஃப்ராக்டோமீட்டரும் இதைக் காட்டிக்கொடுக்காது. உள்ளே உற்றுப் பார்க்கப் பழகிய கண்தான் காட்டும். அந்தப் பழக்கத்துக்காகத்தானே பணம் கட்டினோம்!

எனவே சேரும் முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். கருவியில் உங்கள் கையால் ஒரு கல்லை வைத்து அளவு எடுத்துப் பாருங்கள். செயற்கைக் கல், கண்ணாடி நிரப்பிய கல், நிறம் கூட்டச் சூடேற்றிய கல் மூன்றையும் இயற்கைக் கல்லோடு பக்கத்தில் வைத்துக் காட்டுவார்களா என்று கேளுங்கள். கற்பெட்டி வாங்கினால், ஒவ்வொரு கல்லின் பெயரும், இயற்கையா செயற்கையா என்பதும் பில்லில் எழுதப்பட வேண்டும். என் பில்லில் "பயிற்சிப் பொருள்" என்று மட்டுமே இருக்கிறது. சீட்டு ஒட்டிய கற்களையே ஆதாரமாக வைத்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அடுத்த நிலைப் பயிற்சியில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. என்னோடு படித்தவர்கள் தங்கள் பெட்டியிலுள்ள சிவப்புக் கல்லையும் லென்ஸில் பார்த்துவிட்டு, சீட்டைக் கிழிக்காமல் பில்லோடு பத்திரமாக வைத்திருங்கள்.