15 சதவீத நேரமா, கயிற்றை இழுக்கும் உரிமையா? 3எம், டொயோட்டா: ஓர் ஒப்பீடு

பணியாளர்களிடமிருந்து புதிய எண்ணங்கள் பிறக்க வேண்டும் என்று பேசும் மேலாளர்கள் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்களை எடுத்துக்காட்டுவார்கள். ஒன்று அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த 3எம். அங்கே ஆய்வாளர்கள் தம் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைத் தாமே விரும்பி எடுத்துக்கொண்ட முயற்சிக்குச் செலவிடலாம் என்பது பல்லாண்டு வழக்கம். மற்றொன்று ஜப்பானின் டொயோட்டா. அங்கே உற்பத்தி வரிசையில் நிற்கும் தொழிலாளி குறை ஒன்றைக் கண்டால், தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுத்து உதவிக்கு அழைக்கலாம், குறை தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். இரண்டையும் ஒரே மூச்சில் புகழ்வதால், இவை வெவ்வேறு விளைச்சலுக்கான வெவ்வேறு நிலங்கள் என்பது பலருக்கும் புலப்படுவதில்லை.

3எம் வழக்கத்துக்கு வேர், விதி மீறிய ஒருவரிடம் இருக்கிறது. 1920களில் உப்புத்தாள் விற்றுக்கொண்டிருந்த அந்நிறுவனத்தின் இளம் பணியாளர் ரிச்சர்ட் ட்ரூ, கார்களுக்கு இரண்டு வண்ணம் பூசும் பட்டறையில் பெயின்டர்கள் படும் பாட்டைப் பார்த்து, வண்ணத்தைப் பிய்க்காத ஒட்டுநாடா ஒன்றைச் செய்ய முனைந்தார். உப்புத்தாள் வேலையைப் பார் என்று மேலிடம் சொல்லியும் அவர் விடவில்லை. 100 டாலர் வரைதான் தாமே செலவுக்கு ஒப்புதல் தர முடியும் என்பதால், 99 டாலருக்குப் பல கொள்முதல் சீட்டுகள் எழுதி இயந்திரத்தை வாங்கினார் என்று அங்கே கதை சொல்வார்கள். 1925இல் மாஸ்க்கிங் டேப் வந்தது. நிறுவனத்தை நடத்திய வில்லியம் மெக்நைட் இதிலிருந்து கற்றுக்கொண்டதை 1948இல் கொள்கையாகவே வகுத்தார்: பொறுப்பை ஒப்படைத்தால் தவறுகள் நேரத்தான் செய்யும், அந்தத் தவறுகளைவிட, ஒவ்வோர் அடியையும் தானே கட்டளையிடும் நிர்வாகம் விளைவிக்கும் கேடுதான் பெரிது.

ஒட்டிப் பிரித்தெடுக்கக்கூடிய சிறு குறிப்புச் சீட்டான 3எம்மின் போஸ்ட்-இட் தாளின் வரலாற்றைப் பலர் அறிவார்கள். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது கால அளவு. வலுவான பசையைத் தேடிய ஸ்பென்சர் சில்வருக்கு 1968இல் கிடைத்தது, ஒட்டினாலும் எளிதில் பிரிந்துவரும் பசை. தேவாலயப் பாடற்புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டுகள் விழுந்துகொண்டே இருந்ததால் எரிச்சலடைந்த ஆர்ட் ஃப்ரை, அந்தப் பசைக்கு 1974இல் ஒரு வேலையைக் கண்டுபிடித்தார். அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்ததோ 1980இல். பயனற்றது என்று எவரும் எடுத்தெறிந்திருக்கக்கூடிய ஒரு பொருளை 12 ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருக்க, ஓய்வு நேரம் மட்டும் போதாது. தோற்றுப்போன சோதனையைப் பற்றி வேறு துறைக்காரரிடம் கூச்சமின்றிப் பேசும் பழக்கமும் வேண்டும். சில்வர் அந்தப் பசையைப் பற்றி நிறுவனத்துக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தவர். ஃப்ரை அவருடைய பேச்சைக் கேட்டவர்களில் ஒருவர்.

டொயோட்டாவின் கதையில் இத்தகைய தனி நாயகர்கள் இல்லை. 1950இல் எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைச் சுற்றிப் பார்த்தபோது கண்ட, தொழிலாளர்களிடம் யோசனைகளை எழுதி வாங்கும் திட்டம், 1951இல் டொயோட்டாவில் அறிமுகமானது. கருவியை வைக்கும் இடத்தை மாற்றுவது, ஒரு திருகை முடுக்கக் குனிய வேண்டிய தேவையை நீக்குவது போன்றவை அதில் வரும் யோசனைகள். பரிசுத் தொகையும் பெரும்பாலும் சிறியதே. தொழிலாளி எழுதியதை உடனே அவருடைய குழுத் தலைவர் படிக்கிறார், முடிந்தால் அன்றே செய்து பார்க்கிறார் என்பதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. (சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத யோசனைப் பெட்டிகளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நம் அலுவலகங்கள், வெறும் பெட்டியை மட்டும் நகலெடுத்தவை.)

இந்தப் பண்பாடு மனிதர்களை எவ்வளவு மாற்றும் என்பதற்கு கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வேலைக்கு வராமையும் தொழில் தகராறும் மலிந்திருந்த அந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நம்மி என்ற பெயரில் அதைத் திறந்தபோது, பழைய தொழிலாளர்களே பெரும்பான்மையாகத் திரும்ப வந்தார்கள்; தொழிற்சங்கமும் அதேதான். வரிசையை நிறுத்துவது முன்பு அங்கே பெருங்குற்றம். இப்போது கயிற்றை இழுத்தவரிடம், என்ன குறை என்று கேட்டு உதவக் குழுத் தலைவர் ஓடி வந்தார். தரம் உயர்ந்தது, வராமை குறைந்தது. ஆனால் அதே முறையைத் தன் மற்ற ஆலைகளில் நடைமுறைப்படுத்த ஜெனரல் மோட்டார்ஸ் வெகுகாலம் திணறியது. கயிற்றைக் கட்டுவது ஒரு நாள் வேலை. இழுத்தவனைத் திட்டாத மேற்பார்வையாளர்களை உருவாக்குவது அப்படியல்ல.

ஒன்றன் அளவுகோலை மற்றொன்றின் மேல் வைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2001இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து 3எம்முக்குத் தலைவராக வந்த ஜேம்ஸ் மெக்னெர்னி, பிழையையும் மாறுபாட்டையும் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையை ஆய்வுக்கூடம் வரை கொண்டுசென்றார். செலவு குறைந்தது, லாபம் கூடியது. அதே சமயம், எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஆய்வுகளுக்கு இடம் சுருங்கியது. அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆய்வுப் பிரிவில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். மறுபக்கம், டொயோட்டாவுக்கும் பெரிய பாய்ச்சல் தேவைப்பட்டபோது யோசனைச் சீட்டுகள் போதவில்லை. 1997இல் வெளிவந்த, பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் பிரியஸ் கார், தனியே அமைக்கப்பட்ட குழு ஒன்றின் உழைப்பில் உருவானது.

நம் ஊர் ஆலைகளுக்கு எது பொருந்தும் என்று கேட்டால், டொயோட்டா வழியையே முதலில் சொல்வேன். 15 சதவீத நேரம், ஆய்வுக்கூடமும் காத்திருக்கப் பணமும் உள்ள நிறுவனத்துக்கே கட்டுப்படியாகும். மாத இலக்கைத் துரத்தும் மென்பொருள் நிறுவனத்தில் அது ஐந்து நாள் வேலைக்கு மேல் ஆறாவது நாளாகவே முடியும். தொழிலாளியின் சிறு திருத்தங்களைத் தேடிச் சேர்க்கும் வழி இங்கே ஏற்கெனவே வேர்பிடித்திருக்கிறது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல், தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனங்களில் அதுவே முதல். பின்னர் டிவிஎஸ் குழுமத்தின் வேறு நிறுவனங்களும் அதே பரிசை வாங்கின. ஆனால் புதிய மருந்தோ புதிய பொருளோ தேடும் ஆய்வகம் பாடியைப் பார்த்து நகலெடுக்கத் தொடங்கினால், சில்வரின் பசை முதல் வாரத்திலேயே குறைப்பட்டியலில் ஏறியிருக்கும்.