ஒத்தடமா, ஐஸா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு 40 மி.கி. கிளாட்டிராமர் ஊசியை வாரம் 3 முறை தாங்களே போட்டுக்கொள்பவர்களுக்கு ஊசியின் வலிக்கும் எரிச்சலுக்கும் எது நல்லது என்று வரும் குழப்பம் இது.

செலவு: ஒத்தடத்துக்குத் துண்டும் வெந்நீரும் போதும். ஐஸுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும், மருந்துக்காக அது எப்படியும் வீட்டில் இருக்கும்.

நேரம்: ஒத்தடம் ஊசிக்கு முன் 5 நிமிடம். ஐஸ், ஊசி போட்டபின் ஒரு நிமிடம், துணியில் சுற்றித்தான்.

பலன்: ஒத்தடம் இறுகிய தொடையைத் தளர்த்தும். ஐஸ், குளவி கொட்டியதுபோல் சிவந்து தடித்த இடத்தின் எரிச்சலை அடக்கும்.

குத்தும்போது வலிக்கிறதென்றால் ஒத்தடம். பிறகு வரும் எரிச்சல்தான் தொல்லையா? ஐஸ். என் ஓட்டு ஐஸுக்கே. மரத்துப்போன இடத்தில் இரண்டும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. அப்புறம், மருந்தை 20 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்று போட்டால் கூடுதலாக வலிக்கும்.