ஏஸ்ப்ரைட்: தனியாளாக கேம் செய்பவருக்குத் தாங்குமா?

வாள்வீச்சை அழகாக வரைந்தும், ஓடவிட்டால் பஞ்சால் அடிப்பதுபோல் இருக்கிறதா? பெரும்பாலும் படத்தில் குறை இருக்காது. எல்லா ஃப்ரேமும் (அசைவின் ஒவ்வொரு படமும்) ஒரே நேரம் நிற்பதுதான் கோளாறு. பிக்சல் படம் வரைந்து அசைக்கும் மென்பொருளான ஏஸ்ப்ரைட்டை வாங்கலாம் என்று சொல்ல முதல் காரணமே இந்த இடம்தான்.

புது ஃபைலில் ஃப்ரேமின் நேரம் 100 மில்லிசெகண்ட். டைம்லைனில் ஃப்ரேம் எண்ணை டபுள் கிளிக் செய்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் மாற்றலாம். வாளை ஓங்குவதற்கு 200, வீச்சுக்கு 50, அடி விழுந்த நிலைக்கு 150, பழைய நிலைக்குத் திரும்ப 100 வைத்துப் பாருங்கள். அதே நான்கு படங்கள்தான். அடியில் கனம் ஏறிவிடும். 50-இன் மடங்குகளாக வைப்பதற்குக் காரணம் உண்டு: நொடிக்கு 60 முறை ஓடும் கேமில் 50 மில்லிசெகண்ட் சரியாக 3 முறை. 40 வைத்தால் 2.4 ஆகும், அது எப்படி முழு எண்ணாகும் என்பது எஞ்சின் (கேமை ஓட்டும் மென்பொருள்) பாடு.

நடை அசைவை வரைந்து பழக 32-க்கு 32 பிக்சல் கேன்வாஸ், இண்டெக்ஸ்டு கலர் (ஒரு நிறப் பட்டியலிலிருந்து மட்டும் வரையும் முறை), 16 நிறத்துக்குள். நான்கு ஃப்ரேம் போதும்: கால் விரிந்த நிலை, கால்கள் கடக்கும் நிலை, பிறகு இரண்டும் மறுகாலுக்கு. கடக்கும்போது உடல் 1 பிக்சல் உயர வேண்டும். இதை விட்டால் பாத்திரம் வழுக்கிக்கொண்டு போகும். எஃப்3 அழுத்தினால் முந்தைய ஃப்ரேம் மங்கலாகத் தெரியும். தலை, உடல், கை, கால் தனித்தனி லேயராக இருக்கட்டும். மாறாத பாகங்களுக்கு, ஒரே படத்தைப் பல ஃப்ரேமில் பகிரும் லிங்க்டு செல் பெரிய உதவி. ஆனால் ஒன்றில் கைவைத்தால் இணைந்த எல்லாவற்றிலும் மாறும், அன்லிங்க் செய்தபின் திருத்துங்கள்.

கையைச் சுழற்ற, பிக்சல் சிதையாமல் திருப்ப முயலும் ராட்ஸ்ப்ரைட் முறை இருக்கிறது. இத்தனை சின்ன அளவில் அதுவும் விளிம்பைப் பிய்த்துவிடும். திரும்ப வரைவதே வேகம்.

தலைவலி எக்ஸ்போர்ட்டில்தான். எல்லா ஃப்ரேமையும் ஒரே படமாக அடுக்கிய ஷீட்டை பிஎன்ஜியாக மட்டும் எடுத்தால் பார்த்துப் பார்த்து வைத்த நேரமெல்லாம் போச்சு. அவை கூடவே எடுக்கும் ஜேசன் என்ற தகவல் ஃபைலில்தான் எழுதப்படும். டேகுகளையும் (ஃப்ரேம் தொகுதிகளுக்கு இடும் பெயர்கள்) அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிங்-பாங் டேக் இன்னொரு பொறி: எடிட்டரில் 1-2-3-4-3-2 என்று ஓடும், ஷீட்டில் இருப்பது 4 படமே. திரும்பி ஓடும் வேலையை எஞ்சினில் நீங்கள் எழுத வேண்டும். டிரிம் (வெற்று ஓரத்தை வெட்டுவது) போட்டால் ஒவ்வொரு படமும் வேறு அளவில் வெட்டப்படும். ஜேசனில் உள்ள இடப்பெயர்வை எஞ்சின் படிக்காவிட்டால் பாத்திரம் உதறும். பழகும்வரை டிரிம் வேண்டாம். பக்கத்துப் படத்தின் கோடு கசிந்தால் படங்களுக்கிடையே 1 அல்லது 2 பிக்சல் இடைவெளி விடுங்கள். கேமில் படம் மங்கலாகத் தெரிந்தால் ஏஸ்ப்ரைட்டைத் திட்டாதீர்கள்: கோடோ எஞ்சினில் ஃபில்டரை நியரெஸ்ட் ஆக்குங்கள், யூனிட்டி எஞ்சினில் ஃபில்டரை பாயிண்ட் ஆக்கி, கம்ப்ரஷனை None என்று வையுங்கள்.

எலும்பு வைத்து அசைக்கும் வசதி கிடையாது, ஒலியோடு பொருத்திப் பார்க்கவும் வழியில்லை. டிரையலில் சேவ் ஆகாது. சோர்ஸ் கோடு வெளிப்படையாக இருப்பதால் சொந்த உபயோகத்துக்கு நீங்களே கம்பைல் செய்துகொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கத்தான் கூடாது. கம்பைல் செய்யத் தேவையான சிமேக், நிஞ்சா, ஸ்கியா மூன்றையும் மேய்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வந்த ஏஸ்ப்ரைட்டின் பழைய பதிப்பிலிருந்து கிளைத்த லிப்ரேஸ்ப்ரைட் இலவசமாகவே கிடைக்கிறது. மேலே சொன்ன நடைப் பயிற்சிக்கு அது தாராளம்.