எச்.டி. என்று சொல்லி எல்.டி.யை விற்றார்கள்: ஆர்.டி.350 வாங்கப் போகிறவர்களுக்கு

மார்த்தாண்டம் பக்கம் பழைய ஆர்.டி.350 பைக் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு யாராவது கிளம்பிக்கொண்டிருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதை ஒருதடவை படித்துவிடுங்கள். நான் 3,40,000 ரூபாய் கொடுத்தேன். அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் இரண்டே இரண்டு எழுத்துக்காகக் கொடுத்தது: எச்.டி. அந்த இரண்டு எழுத்தும் பொய்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜப்பானில் யமஹா 1973-லிருந்து 1975 வரை செய்த ஆர்.டி.350-ஐ, 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே ராஜ்தூத் 350 என்று கொண்டுவந்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். புல்லட்டும் யெஸ்டியும் ஓடிக்கொண்டிருந்த ரோட்டில் இது வேறு ஜாதி. ஜப்பான் வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் போட்டுக் கொடுத்தார்கள். அதனால் கிளம்பும் வேகத்தில் நிற்காது. முதலில் வந்தது 30.5 குதிரைத்திறன். ஹை டார்க், அதாவது இழுவை அதிகம், என்கிற எச்.டி. அதுதான். பெட்ரோலைக் குடிக்கிறது என்ற புகார் வந்ததும் சைலன்சரில் ஒடுக்கம் வைத்து 27 குதிரைத்திறனுக்கு இறக்கி, 1985 வாக்கில் விட்டது லோ டார்க், எல்.டி. குடிப்பது அப்புறமும் பெரிதாகக் குறையவில்லை. விலையும் அதிகம், உதிரிபாகமும் கிடைக்காது, பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் இல்லை. பத்து வருஷம் ஓடுவதற்குள் கம்பெனி இந்த வண்டியைச் செய்வதை நிறுத்திவிட்டது.

அன்று யாரும் வாங்காத வண்டிக்குத்தான் இன்று இந்த விலை. தோனி வீட்டில் ஒன்று நிற்கிறது என்பதும் ஒரு காரணம். எச்.டி. என்றால் அதற்கும் மேலே. நானும் அந்தப் பைத்தியத்தில் ஒருத்தன்தான், மறைக்கவில்லை. தக்கலையில் என் சித்தப்பா ஒரு ஆர்.டி. வைத்திருந்தார். பத்மநாபபுரம் அரண்மனை வரை பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்த்திக் கூட்டிப் போவார். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை. மஸ்கட்டில் பதினாலு வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் தேடினேன்.

எனக்கு இரண்டு வண்டி அமைந்தது. ஒன்று கொட்டாரத்தில், ரிட்டயர்ட் ஆன ஒரு பெரியவருடையது. 1987 எல்.டி. அவரே முதல் உரிமையாளர். பெயின்ட் வெளிறிப் போயிருந்தது, சீட் கிழிந்திருந்தது, ஆனால் ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்சும் பழைய சர்வீஸ் பில்லும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். 2,10,000 கேட்டார். இரண்டாவது, மார்த்தாண்டத்துக்கு மேற்கே பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்கும் ஒருவரிடம். "84 எச்.டி." புதுக் குரோமியம், புது பெயின்ட், மின்னிக்கொண்டு நின்றது.

எதை எடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். பெரியவரிடம் "எல்.டி.தானே ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மார்த்தாண்டத்துக்காரர் பேச்சில் கெட்டி. "அண்ணே, எல்.டி.ய எடுக்கதுக்கு நீங்க ரெண்டு ஆர்.எக்ஸ். 100 எடுத்துட்டுப் போலாம். இது எச்.டி.யாக்கும். சத்தத்தக் கேளுங்க" என்று ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். நான் போய்ச் சேர்ந்தபோதே என்ஜின் சூடாக இருந்தது. "இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்" என்றார். தேய்ந்த பிஸ்டன் குளிர்ந்த என்ஜினில்தான் கடகடவென்று அடிக்கும், சூடேறியதும் அடங்கிவிடும் என்று எனக்கு யாராவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பழைய டூ ஸ்ட்ரோக் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சொல்லாமல் விடியற்காலையில் போங்கள். போனதும் என்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு, ஆறும்வரை உட்காருங்கள். விற்கிறவருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

வண்டி கேரளப் பதிவு. ஆர்.சி.யின் நகலில் இரண்டு பக்கம் மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பினார். பதிவுத் தேதி 1988 என்று இருந்தது. 84 வண்டிக்கு 88-ல் எப்படிப் பதிவு என்று நானும் கேட்டேன். பதில் தயாராக வைத்திருந்தார்: "அப்ப யாரும் இத வாங்கல்லண்ணே. நாலு வருசம் ஷோரூம்ல கெடந்து அப்புறம்தான் வித்துது." இந்த வண்டி விற்காமல் கிடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதானே, நம்பிவிட்டேன். உண்மை கொஞ்சம் கலந்த பொய்யைப் பிடிப்பது கஷ்டம். ஒரிஜினல் புத்தகம் திருவனந்தபுரத்தில் பழைய ஓனர் வீட்டில் இருப்பதாகவும், என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கும்போது சேர்த்துத் தருவதாகவும் சொன்னார்.

ஓட்டிப் பார்த்தது இரண்டு கிலோமீட்டர். அதுவும் சாயங்காலம், மார்த்தாண்டம் நெரிசலில். மூன்றாவது கியர் போட்டதே பெரிய காரியம். பின்னால் வெள்ளைப் புகை கொஞ்சம் அதிகமாக இருந்தது. "டூ ஸ்ட்ரோக்னா புகை வரும்லா" என்றார். என்ஜினுக்குத் தானாக ஆயில் ஊட்டும் ஆட்டோலூப் பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு அடித்து மூடியிருந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தார்: "பம்ப நம்பப்பிடாது. பெட்ரோல்லயே ஆயிலக் கலந்து ஊத்துங்க, என்ஜின் நூறு வருசம் ஓடும்." பம்ப்பைக் கழற்றிவிட்டுக் கலந்து ஊற்றுகிறவர்கள் உண்டுதான். அதனால் அதையும் நான் கேள்வி கேட்கவில்லை.

ஒரு லட்சம் வங்கி வழியாக அனுப்பினேன். மீதி ரொக்கம். ரசீது கேட்டதற்கு வெள்ளைத்தாளில் "பழைய மோட்டார் சைக்கிள் விற்ற வகையில்" என்று எழுதி ஒரு லட்சத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். எச்.டி. என்ற சொல்லே அதில் இல்லை. நானும் கேட்டு எழுதி வாங்கவில்லை.

பதினோராவது நாள், ஆடி மாதக் காற்று. வள்ளியூர் வரை போய்விட்டு ஆரல்வாய்மொழி வழியாகத் திரும்பினேன். அந்தக் கணவாயில் அடிக்கும் மேல்காற்று தெரிந்ததுதானே, காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. எதிர்க்காற்றில் முறுக்கிக்கொண்டே வந்தேன். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டியதும் சத்தம் ஒரு மாதிரி மெல்லிசாகி, 'கிரீச்' என்று பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. டூ ஸ்ட்ரோக் ஓட்டும்போது கிளட்ச் லீவரில் எப்போதும் இரண்டு விரல் இருக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்த பழக்கம், கை தானாகப் பிடித்தது. வண்டி உருண்டு ஓரத்தில் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் விலக்கி எடுத்தார். கோயிலுக்கு நடந்து போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துதான் போனை எடுத்தேன்.

குட்டியானையில் ஏற்றி நாகர்கோவிலில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். பட்டறைப் பையன்கள் ஆசான் என்று கூப்பிடுவார்கள். இந்த வண்டி புதிதாக வந்த காலத்திலேயே கைவைத்தவர். வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார், குனிந்து சைலன்சரில் விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"மக்கா, இத எச்.டி.ன்னு எவன் சொன்னான்?"

நான் வாயைத் திறக்கவில்லை.

சைலன்சர் இரண்டையும் கழற்றினார். வெளியே எச்.டி. வடிவம், உள்ளே புத்தம்புது வெல்டிங். யாரோ தகடு வளைத்துச் செய்து குரோமியம் பூசியது. அதற்குப் பிறகு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயில் டார்ச் அடித்துக் காட்டினார். எல்.டி. சிலிண்டரின் வாயை அரத்தால் ராவி அகலமாக்கியிருக்கிறார்கள். கம்பெனியில் வார்த்த விளிம்பு ஒரே வளைவாக இருக்கும். இதில் இடதுபக்கம் ஒரு அளவு, வலதுபக்கம் ஒரு அளவு, பல் கடித்த மாதிரி. ஹெட்டைத் திறந்தால் இடது பிஸ்டன் 0.50 ஓவர்சைஸ், அதாவது கம்பெனி அளவைவிட அத்தனை மில்லிமீட்டர் பெரிது, வலது 1.00. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய இரண்டு சிலிண்டர். வலது பக்கம் இனி போர் பண்ண, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க, இடமில்லை.

இறுகிப்போனது இடது பிஸ்டன். அதற்குக் காரணத்தையும் ஆசான் நிதானமாகச் சொன்னார். இடதுபக்கக் கிராங்க் சீல், காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், கல் மாதிரி காய்ந்திருக்கிறது, அந்த வழியாக வெறும் காற்று உள்ளே போகிறது. வாயை ராவிச் சைலன்சரை மாற்றியவர்கள் பெட்ரோலை அளந்து விடும் கார்பரேட்டர் ஜெட்டைத் தொடவே இல்லை. பெட்ரோல் பற்றாமல், அதோடு வரும் ஆயிலும் பற்றாமல், எதிர்க்காற்றில் பாரம் இழுத்ததும் பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொண்டது. அந்த வெள்ளைப் புகை? அது வலதுபக்கச் சீல். கிளட்ச் பக்கத்திலிருந்து கியர் ஆயிலை உறிஞ்சி எரித்திருக்கிறது. கியர் ஆயில் பாதிக்கும் கீழே போயிருந்தது. புகையை முகர்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், கியர் ஆயில் எரிகிற கெட்ட வாடை. டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் புகை வரும்தான், ஆனால் சூடேறிய பிறகும் மேகம் மாதிரி வரக்கூடாது. கிராங்க் பேரிங்கில் துருப் புள்ளி வேறு. கடலோரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த வண்டியாக இருக்கும் என்றார்.

இந்தச் சோதனையை வாங்குவதற்கு முன்பே செய்யலாம். சைலன்சரைக் கழற்ற அரைமணி நேரம்கூட ஆகாது. "கழற்றிப் பார்க்கிறேன்" என்று சொன்னாலே விற்கிறவர் முகம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். தெரிந்த மெக்கானிக்கை ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கூட்டிப் போங்கள். அந்த ஆயிரத்துக்குக் கணக்குப் பார்த்தவன் நான்.

ஆர்.சி. கதை அதைவிட மோசம். மூன்று வாரம் நச்சரித்த பிறகு ஒரிஜினல் புத்தகம் கைக்கு வந்தது. எனக்கு அனுப்பாத பக்கத்தில் தெளிவாக இருக்கிறது, உற்பத்தி 1987. ஷோரூமில் நாலு வருஷம் கிடந்ததெல்லாம் சும்மா. சேஸிஸ் எண்ணைப் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பார்த்தேன், நல்லவேளை புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. திருட்டு வண்டி இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். பதிவு எப்போதோ காலாவதி. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இருபது வருஷம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு அந்தக் கட்டணமே 2025 ஆகஸ்டிலிருந்து 2000 ரூபாய். அபராதம், பசுமை வரி, கேரளத்து என்.ஓ.சி., இங்கே மறுபதிவு எல்லாம் அதற்கு மேலே. களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து வண்டி என்றால் ஒரிஜினல் புத்தகமும் என்.ஓ.சி.யும் மேஜையில் வந்தபிறகுதான் அட்வான்ஸ் என்று சொல்லிவிடுங்கள்.

மார்த்தாண்டத்துக்காரரிடம் நேரில் போய்க் கேட்டேன். "நான் எச்.டி.ன்னு சொல்லவே இல்லயேண்ணே, எச்.டி. சைலன்சர்னுதான் சொன்னேன்" என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. ஆனால் மனுஷன் ஒன்றை மறந்துவிட்டார். வாங்குவதற்கு முன் வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய குரல் செய்தி என்னிடம் இருக்கிறது: "அசல் 84 எச்.டி., கண்ண மூடிட்டு எடுக்கலாம்." அதைத் தெரிந்த வக்கீலிடம் போட்டுக் காட்டினேன். தன் சொந்த வண்டியை விற்கும் தனிமனிதர் என்றால் நுகர்வோர் சட்டத்தில் சிக்கல், இவர் இதையே தொழிலாகச் செய்கிறவர், அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மனு போட்டாயிற்று. ரொக்கமாகக் கொடுத்த 2,40,000-க்கு ரசீது இல்லாததுதான் இப்போது தலைவலி. வக்கீல் அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் பார்க்கிறேன்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்தினேன். ஓணத்துக்குப் போனபோது சொல்லியே ஆகவேண்டி வந்தது. முழுவதும் கேட்டார். "லேய், என் வண்டியும் 87 மாடல்தானடே. அப்ப எச்.டி., எல்.டி.ன்னு எவன் பாத்தான்?" என்றார். நான் முப்பத்தைந்து வருஷமாகக் காதில் வைத்துக்கொண்டு அலைந்த சத்தம் எல்.டி.யின் சத்தம். கொட்டாரத்துப் பெரியவரின் வண்டியும் அதே சத்தம்தான் போட்டது. அன்று நான் சரியாகக் கேட்கவில்லை. மறுவாரம் அவருக்குப் போன் செய்தேன். திருநெல்வேலிப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

ஆசானின் பட்டறையில் வண்டி பிரித்துக் கிடக்கிறது. கிராங்க் பிரித்துக் கோர்க்க, பேரிங், சீல், ஒரு ஜோடி சிலிண்டர், பம்ப் எல்லாம் சேர்த்து 1,20,000 ஆகும் என்கிறார். எல்.டி.யாகவே ஏற்றிவிடச் சொல்லிவிட்டேன். ஒடுக்கம் உள்ள கம்பெனி சைலன்சர் ஒரு ஜோடி தேவைப்படுகிறது. எச்.டி. ஆக்குகிறேன் என்று யாராவது கழற்றிப் போட்டிருந்தால் சொல்லுங்கள், நல்ல விலை தருகிறேன். கழற்றிப் பார்த்துவிட்டுத்தான்.