எட்டுப் பொட்டலம் வெண்டை விதை, போனது 22,840 ரூபாய்: செயலியில் விதை வாங்குகிறவர்களுக்கு

இன்று காலை என் புகாரை மூன்றாவது முறையாக மூடிவிட்டார்கள். நிலை: "தீர்க்கப்பட்டது". என்ன தீர்ந்தது என்று விளங்கவில்லை. என் பணம்தான் தீர்ந்தது.

22,840 ரூபாய். விதை 6,240, உழவு 3,600, தொழுவுரம் 4,000, வேப்பம் புண்ணாக்கும் அடியுரமும் 4,800, பார் (விதை ஊன்றும் மண்மேட்டு வரிசை) பிடிக்கவும் விதை ஊன்றவும் ஆள்கூலி 4,200. நானும் என் மனைவியும் உழைத்த நாட்களுக்குக் கூலி போடவில்லை. ஆடிப்பட்டம் கைவிட்டுப் போனதற்கு எந்தக் கணக்கில் விலை எழுதுவது?

விவசாய இடுபொருட்களை வீட்டுக்கே அனுப்பும் ஒரு கைபேசிச் செயலி. பெயர் சொல்ல மாட்டேன். இதே மாதிரி நாலைந்து இருக்கின்றன, எல்லாவற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. இப்படிச் சிக்கியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருடமாக டவுனில் ஒரே கடையில்தான் விதை வாங்கி வந்தேன். கடைக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கடன் கேட்டால் காது கேட்காது. ஆனால் பில்லில் ரகம், லாட் எண் (ஒரே தொகுதி விதைக்குக் கொடுக்கும் அடையாள எண்), காலாவதி நாள் மூன்றையும் கையால் எழுதித் தருவார். இந்த முறை அவரிடம் நான் கேட்ட வீரிய ரகம் இருப்பில்லை. செயலியில் இருந்தது, பொட்டலத்துக்கு நாற்பது ரூபாய் குறைவாகவும் இருந்தது. கூடையில் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். பத்தே நிமிடத்தில் அழைப்பு வந்தது. வேளாண் ஆலோசகராம்.

"அண்ணா, போன பட்டத்தில் அந்த நிலத்தில் என்ன வைத்திருந்தீர்கள்?"

"கத்தரி, தம்பி."

"அப்படியானால் வேர்முடிச்சு நூற்புழு இருக்கும் அண்ணா. வெண்டையையும் அது விடாது. வேப்பம் புண்ணாக்கு போட்டு உழுதுவிடுங்கள்."

சரியான பேச்சு. கத்தரிக்குப் பின் வெண்டை வைக்கிறவன் பயப்பட வேண்டிய விஷயம் அதுதான். அதற்குமேல் ஒரு காரியம் செய்தான். கூடையில் 950 ரூபாய்க்கு ஒரு வளர்ச்சி ஊக்கி பாட்டிலும் வைத்திருந்தேன். "அது வேண்டாம் அண்ணா, உங்களுக்குத் தண்டச் செலவு" என்று சொல்லி என்னையே நீக்க வைத்தான். அந்த 950 ரூபாயை மிச்சப்படுத்திக் கொடுத்த நொடியில் நான் விழுந்தேன். விற்க வந்தவன் வாங்காதே என்கிறானே, இவன் நம் ஆள் என்று நினைத்துவிட்டேன். பணத்தை முன்கூட்டியே செலுத்தினேன். கூடப்பிறந்த தம்பியிடம் பேசியது போல இருந்தது என்று மனைவியிடம் சொல்லவும் செய்தேன். இப்போது அதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு நாளில் எட்டுப் பொட்டலமும் வந்தன. இரவு ஊறவைத்து, காலையில் நிழலில் உலர்த்தி, குழிக்கு ஒரு விதை ஊன்றினோம். வெண்டை ஐந்தாறு நாளில் தலை காட்டிவிடும். ஏழாம் நாள் காலையில் பாரில் குந்தி எண்ணினேன். அறுபது குழியில் பதினேழு முளை. அடுத்த பாரில் பத்தொன்பது. மூன்றாவதை எண்ண மனம் வரவில்லை. காலியான குழிகளைக் கிளறிப் பார்த்தேன். விதை அப்படியே கிடந்தது. விரலால் நசுக்கினால் உள்ளே பழுப்பாக, மாவாக உதிர்ந்தது. எறும்பு தின்னவில்லை, தண்ணீர் தேங்கி அழுகவும் இல்லை. உள்ளே உயிரே இல்லை.

கடைசிப் பொட்டலத்தில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தேன். ஐந்தாம் நாள் பிரித்தால் 31. அந்த முப்பத்தொன்றிலும் நான்கு, வால் மட்டும் நீட்டி நின்றுவிட்டன. வெண்டைக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம். பொட்டலத்தில் ஒட்டியிருந்த பச்சை அட்டையிலும் அதே 65 என்றுதான் அச்சடித்திருந்தது.

அந்த அட்டையைத்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பரிசோதனை நாளும் காலாவதி நாளும் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. ஈரத் துணியால் அழுத்தி நகத்தால் சுரண்டினேன். மேலே இருந்த தாள் உரிந்து வந்தது. அடியில் அச்சில் வேறு ஒரு காலாவதி நாள். நான் வாங்குவதற்கு ஏழு மாதம் முன்பே முடிந்துபோன நாள்! எட்டுப் பொட்டலத்தில் ஆறில் இப்படி ஒட்டியிருந்தது.

படம் எடுத்து, வீடியோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி." இரண்டாவது பதில், நான் அதிக நேரம் ஊறவைத்திருக்கலாம் என்றது. மூன்றாவது, மண்ணில் சூடு அதிகம் என்றது. வெண்டையாவது சூட்டுக்குப் பயப்படுவதாவது! நான்காவதுதான் உச்சம்: "சீல் பிரிக்கப்பட்ட பொட்டலங்களைத் திரும்பப் பெற இயலாது." சீலைப் பிரிக்காமல் விதைப்பது எப்படி என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

அந்த "தம்பி"யின் எண்ணுக்கு அடித்தால் வேறொரு பெண் எடுத்தார். அவர் அங்கே இப்போது இல்லை என்றார். பிறகு ஒரு மேலாளர் பேசினார். "நாங்கள் விற்பனையாளர் இல்லை ஐயா, வாங்குகிறவரையும் விற்கிறவரையும் இணைக்கிற தளம் மட்டும்தான்" என்று மிகவும் பணிவாகச் சொன்னார். பணத்தை வாங்கியது யார் என்று கேட்டேன். விற்றவரின் முகவரி வெளிமாநிலத்தில் இருக்கிறதாம். அந்தத் தொலைபேசி அணைக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் பெரிய மனது பண்ணி, அடுத்த முறை வாங்கும்போது 300 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். போனது 22,840. வந்தது 300 ரூபாய்க் கூப்பன், அதுவும் அவர்களிடமே வாங்கினால்.

விதை ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். முதலில் பில்லைக் கேட்டார். என் பில்லில் "இடுபொருள் - 8" என்று மட்டும் இருந்தது. ரகம் இல்லை, லாட் எண் இல்லை, உரிம எண் இல்லை. 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்கிறவர் உரிமம் வைத்திருக்க வேண்டும், வாங்குகிறவருக்கு முறையான பில் தர வேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் விற்பவரின் இருப்பிலிருந்து ஆய்வாளரே மாதிரி எடுக்க வேண்டுமாம். நான் கொண்டுபோன பிரித்த பொட்டலத்தைப் பணி விதை மாதிரியாகத்தான் பரிசோதிக்க முடியும். அந்த முடிவு எனக்குத் தகவலாக இருக்கும், அவ்வளவுதான்.

தண்டனை என்ன என்று கேட்டேன். 1966-ஆம் ஆண்டின் விதைகள் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 500 ரூபாய் வரை. மறுபடி மாட்டினால் 1,000 ரூபாய் வரை, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நான் வாங்கிய ஒரு பொட்டலமே 780 ரூபாய்! முதல் முறை ஒரு பொட்டலத்தின் விலைக்குக்கூட வராத அபராதத்துக்கு எவன் பயப்படுவான்? மாற்றாக 2004-இல் ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து, சட்டமாகாமலே போய்விட்டது. அந்தப் பழைய சட்டத்தில் விவசாயிக்கு இழப்பீடு என்ற பேச்சே கிடையாது.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதை முழுவதையும் ஊன்றிவிட்ட விவசாயியிடம் மாதிரி எங்கே என்று கேட்பது நியாயமில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவன் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இணைய விற்பனைக்கென்று 2020-இல் வந்த விதிகளில், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. இந்தச் செயலியில் குறைதீர் அலுவலர் என்று போட்டிருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடுகிறது. அதையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், ஆனால் மோட்டார் போட மும்முனை மின்சாரம் வரும் நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். பொட்டலத்தைப் பிரிக்கும் முன் அட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நீல அட்டை என்றால் சான்று நிறுவனம் சோதித்துச் சான்று கொடுத்த விதை. பச்சை அட்டை என்றால் விற்கிறவன் தானே சொல்லிக்கொள்ளும் தரம். லாட் எண் இல்லாத பில்லை வாங்காதீர்கள். ஊன்றுவதற்கு ஒரு வாரம் முன்பே நூறு விதையை ஈரச் சாக்கில் போட்டு எண்ணுங்கள். நான் எண்ணியது ஏழாம் நாளுக்கு அப்புறம். ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் வையுங்கள். காலிப் பொட்டலத்தை எரிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பனை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள், அதை ஏற்றால் புகார் தீர்ந்ததாக எழுதிவிடுகிறார்கள்.

இதே ரகத்தை, இதே மாதிரி தாள் ஒட்டிய பொட்டலத்தில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் லாட் எண்ணை எழுதுங்கள். என்னுடைய ஆறு பொட்டலத்திலும் மேலே ஒட்டிய தாளில் ஒரே லாட் எண். அடியில் இருப்பது மூன்று வேறு எண்கள்.