டூக்கி சேஸ்: சட்டத்தை மீறிய சமபந்தி

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ட்ரெமே பகுதியில் 1941 முதல் இயங்கிவரும் டூக்கி சேஸ் உணவகத்தில் முதலில் கேட்டு வாங்க வேண்டியது கம்போ. நண்டும் இறாலும் கோழியும் சாசேஜும் கூடி வெந்த அந்தக் கருஞ்சிவப்புக் குழம்பைச் சோற்றோடு பரிமாறுகிறார்கள். எண்ணெயில் மாவை நிறம் மாறும்வரை வறுத்துச் சேர்த்திருப்பதால் காரத்தை முந்திக்கொண்டு மணம் வருகிறது. ருசி பார்ப்பதற்கு முன்பே ஹாட் சாஸை ஊற்றிய ஒபாமாவையே இந்த உணவகத்தின் சமையல்காரர் லியா சேஸ் கடிந்துகொண்டார் என்பதால், ஒரு வாய் உண்டபின் அந்தப் பாட்டிலைத் தொடுவதே முறை.

மாமியார் எமிலி தொடங்கிய சாண்ட்விச் கடைக்கு 1946-இல் மருமகளாக வந்தவர் லியா. கறுப்பினத்தவர் பரிமாறலாம், ஆனால் உட்கார்ந்து உண்ண முடியாது என்றிருந்த நகரின் பிரெஞ்சு குவார்ட்டர் பகுதி உணவகங்களில் வேலை பார்த்திருந்த அவர், தம் மக்களும் வெள்ளை விரிப்பிட்ட மேசையில் நிம்மதியாக அமர்ந்து சாப்பிட வேண்டும் என்று இந்த இடத்தை மாற்றியமைத்தார். இருவேறு இனத்தவர் சேர்ந்து உண்பது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், இதன் மாடியறையில் கறுப்பினத்தவரின் சம உரிமைக்கான போராட்டக்காரர்கள் கம்போவைச் சாப்பிட்டபடியே அடுத்த மறியலுக்குத் திட்டமிட்டார்கள்.

லியாவின் பெயர் உலகறிந்தது. இங்கே மதுக்கூடத்தில் பணியாற்றிய வெர்ஜி காசிலின் பெயரும் அதே மரியாதையுடன் சொல்லப்பட வேண்டும் என்பது என் கருத்து. பேருந்துகளில் இன ஒதுக்கலை எதிர்த்துப் பயணம் செய்த ‘விடுதலைப் பயணிகளுக்கு’த் தங்க இடம் கொடுத்தது அவருடைய வீடு. 1960-இல் மெக்ரோரி கடையில் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடை முன் அமர்ந்து கைதானவர்களுள் ஒருவர் அவருடைய மகள் ஒரீத்தா. அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1963-இல் ரத்து செய்தது.

சுவர்களில் லியா ஆசையாகச் சேர்த்த கறுப்பினக் கலைஞர்களின் ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன; உணவு வரும்வரை உட்கார்ந்திருக்காமல் எழுந்து நடந்து பாருங்கள். பொரித்த கோழியும் நன்று. 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் மூழ்கி, ஈராண்டுகள் மூடிக்கிடந்து மீண்ட இந்த இடத்தை, 2019-இல் லியா மறைந்த பிறகும் குடும்பத்தாரே நடத்துகிறார்கள்.

திறந்திருக்கும் நேரம் குறைவு என்பது மட்டுமே குறை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று மட்டும் சமைக்கப்படும் பலகீரைக் கம்போவுக்கு வெகு முன்னதாகவே இடம் பதிவு செய்ய வேண்டும்; பெயரில் கீரை இருந்தாலும் அதில் இறைச்சி தாராளமாக உண்டு, எனவே சைவ உணவினர் கேட்டறிந்தே வாங்கவும்.