குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனி: நான்சச் வெளியீடு

போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியை டேவிட் ஜின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியெட்டா வாசிக்க, டான் அப்ஷா பாடிய பதிவை அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான நான்சச் 1992இல் வெளியிட்டது. பிரிட்டனின் பாப் ஆல்பங்களின் விற்பனைப் பட்டியலிலேயே 6ஆம் இடம் வரை ஏறி, உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் அதிகமாக விற்ற இந்தக் குறுந்தகட்டை, மனத்தை ஆற்றும் சோக இசை என்று எண்ணி வாங்குபவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு இதில் பாதிதான் கிட்டும்.

1933இல் தென் போலந்தின் சைலீசியாவில் பிறந்து, தமது இரண்டாம் பிறந்த நாளன்றே தாயை இழந்த குரெட்ஸ்கி, 1960இல் வார்சா இலையுதிர்கால இசைவிழாவில் அரங்கேறிய ‘ஸ்கோன்ட்ரி’ என்ற வாத்தியக்குழுப் படைப்பின் மூலம், காதைப் பிளக்கும் ஒலிமோதல்களின் இளைஞராகவே அறியப்பட்டார். பிறகு பழைய தேவாலயப் பாடல்களிலும் நாட்டுப்பாடல்களிலும் தோய்ந்து, 1976இல் இந்த சிம்பொனியை எழுதியபோது, அவர் நவீனத்தைக் கைவிட்டுவிட்டார் என்று விமர்சகர்கள் முகம் சுளித்தனர். கைவிட்டது இரைச்சலை மட்டுமே, கண்டிப்பை அல்ல.

முதல் பகுதியைக் கவனித்துக் கேட்டால் இது விளங்கும். தந்தி வாத்தியங்களிலேயே மிகத் தாழ்வாக ஒலிக்கும் டபுள் பேஸ்கள் மட்டும் ஒரு நீண்ட மெட்டைத் தொடங்க, அதையே மற்ற தந்தி வாத்தியங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு பஞ்சமம் மேலிருந்து பின்தொடர்கின்றன. எட்டு அடுக்குகளாகச் செறிந்து உச்சத்தை எட்டிய பின்னரே மரியன்னையின் பதினைந்தாம் நூற்றாண்டுப் புலம்பல் எழுகிறது. உருக்கத்துக்காக ஒரு சுரம்கூட வளைக்கப்படவில்லை.

போலந்து நகரமான ஜாகொபானேவில், நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் சிறைச் சுவரில் 1944இல் பதினெட்டு வயதுப் பெண் எழுதிய, தாயை அழ வேண்டாமெனத் தேற்றும் வரிகளே இரண்டாம் பகுதி. அப்ஷாவின் பாரமற்ற இளங்குரல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. மகனைத் தேடும் தாயின் நாட்டுப்பாடலான மூன்றாம் பகுதியில் மட்டும் அதே குரல் சற்று மெருகு கூடியதாகத் தோன்றுகிறது. அங்கே கொஞ்சம் கரகரப்பு இருந்திருக்கலாம்.

தொடக்கம் மிகத் தாழ்வாக ஒலிப்பதால், பேருந்துப் பயணத்தில் இயர்போனில் கேட்பது வீண்; கீழ்ச்சுரங்களைத் தெளிவாகத் தரும் ஒலிபெருக்கி தேவை. ஏறத்தாழ 54 நிமிடம் ஓடும் தட்டில் ஆரம்பகாலப் படைப்பு ஒன்றைச் சேர்க்காததும் குறையே. இதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் அடுத்ததாக, குரெட்ஸ்கி அமெரிக்காவின் க்ரோனோஸ் குழுவுக்காக 1988இல் எழுதிய, நான்கு தந்தி வாத்தியங்களுக்கான முதல் நால்வரிசையை வாங்கலாம்; பழைய முரட்டுத்தனம் அதில் மீண்டும் தலைகாட்டுகிறது.